ஊஞ்சலில் கண் திறந்து

நியூயார்க் மேடையில் அந்த ஊஞ்சல் ஆள் உயரத்துக்கு மேல் போனதில்லை. நாடகத்தின் நாயகி ஆர்டிஸ் அதில் எழுநூற்றுப் பன்னிரண்டு தடவை ஆடியிருந்தாள். அத்தனை தடவையும் கண்ணை மூடிக்கொண்டுதான். பாட்டின் உச்சிக்காக மூடுகிறாள் என்று கூட நடித்தவர்கள் நினைத்தார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு மூடியதே தெரியாது.

ஹாலிவுட் அந்த நாடகத்தை வாங்கியபோது அவளையும் சேர்த்து வாங்கியது. அபூர்வம்தான். நாடகத்தை வாங்கிக்கொண்டு நாயகியை விட்டுவிடுவதுதான் வழக்கம். முகம் பழகிய நட்சத்திரம் ஒருத்தி அந்த வேடத்தைக் கட்டுவாள். ஆர்டிஸ் வந்தது குரலுக்காக. முதல் வாரத்திலேயே ஒன்பது பாட்டையும் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். இனிமேல் படப்பிடிப்புத் தளத்தில் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவார்கள். அவள் வாயசைக்க வேண்டும்.

இன்று ஊஞ்சல் பாட்டு. கயிறுகள் விளக்குகளையும் தாண்டி மேலே இருட்டிலிருந்து இறங்கின. கயிறு நெடுகத் துணியில் செய்த ஆப்பிள் பூக்கள். நாலு பேர் பின்னால் இழுத்து விட்டால் ஊஞ்சல் மூன்று மாடி உயரத்துக்குப் போகும். அங்கே கிரேனில் கேமரா காத்திருக்கும்.

விளக்குகளைச் சரிசெய்யும்வரை வெல்மா அதில் ஆடிக்கொண்டிருந்தாள். ஆர்டிஸுக்குப் பதிலாக உட்காருவதுதான் அவள் வேலையே. ஆர்டிஸின் உயரம், ஆர்டிஸின் தலைமுடி நிறம், அதே துணியில் தைத்த கவுன். விளக்கு சரியானதும் எழுந்து இடம் விடவேண்டும். ஒரு கையில் டோனட்டை வைத்துத் தின்றபடியே அந்த உயரத்துக்குப் போய் வந்தாள்.

இறங்கியவள் பூக்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒத்திகையில் ஆர்டிஸ் பிடித்திருந்த இடத்தில் மட்டும் சாயம் கசிந்திருந்தது.

"என்ன மேடம், பூவெல்லாம் குளிச்சிருக்கு?"

"லைட்டு சூடு."

"எனக்கு மட்டும் சுடல போல."

ஆர்டிஸ் உள்ளங்கைகளைக் கவுனில் துடைத்துக்கொண்டாள். வெல்மா அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

முதல் தடவை எடுத்தபோது ஆர்டிஸ் பழக்கப்படி கண்ணை மூடினாள். இயக்குநர் ஹாலோரன் நிறுத்தச் சொல்லிவிட்டு அருகில் வந்தார். பொறுமையான மனிதர். நாடகத்தில் அறுபது அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார்கள், இங்கே கேமரா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று விளக்கினார். "மேல வர்றப்ப கண்ணத் தொறந்து வை தங்கம். காதலிக்கிற பொண்ணு தூங்குவாளா?" ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

இரண்டாவது தடவை திறந்தாள். செருப்பு நுனிக்கு அப்பால் தரை தெரிந்தது. ஆட்கள் கட்டைவிரல் அளவில் நின்றார்கள். வாய் நின்றுபோனது.

பாட்டு நிற்கவில்லை. அவள் குரல் அவளில்லாமல் மேலே ஏறியது, மூச்சு வாங்கியது, உச்சியைத் தொட்டு அங்கேயே நின்றது, நிதானமாக இறங்கியது. ஊஞ்சலில் அவள் வாய் மூடி உட்கார்ந்திருந்தாள். முப்பது பேர் அண்ணாந்து பார்த்தார்கள். பதிவு செய்த அன்றும் கண்ணை மூடித்தான் பாடினோம் என்பது நினைவு வந்தது. அந்தக் குரலுக்குப் பயம் இல்லை.

தயாரிப்பாளரின் ஆள் ஃபெங்கல், ஓரமாக நின்றிருந்தவர், முன்னால் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"பாட்டு பூரா பதிவாயிருச்சுல்ல?"

"ஆயிருச்சு" என்றார் ஹாலோரன்.

"அப்ப சரி."

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெல்மாவைப் பார்த்தார்.

பதிவான குரல் ஸ்டுடியோவுக்குச் சொந்தம், அதை யார் முகத்தோடு சேர்ப்பதென்று ஸ்டுடியோ முடிவு செய்யும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வக்கீல்கள் பக்கத்தை நிரப்ப எழுதியது என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். ஆர்டிஸ் சாண்ட்விச்சைப் பிரிக்கவில்லை. வெல்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தரையப் பாக்காத. கிரேன்ல கேமராவுக்குப் பக்கத்துல ஒரு எடம் இருக்கு. நான் கேட்டு ஏறிக்கிறேன். என் மூஞ்சியப் பாரு. வார்த்த மறந்தாலும் என் வாயப் பாத்து அசச்சுரு."

"உனக்குப் பாட்டு தெரியுமா?"

"ஆறு வாரமா காதுல ஊத்துறீங்க. தெரியாமப் போகுமா?"

ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெல்மாவின் கை உலர்ந்திருந்தது.

மூன்றாவது தடவை. ஊஞ்சலைப் பின்னால் இழுத்து விட்டார்கள். பாட்டு தொடங்கியது. அவள் கண்ணைத் திறந்தாள். லென்ஸுக்குப் பக்கத்தில் வெல்மாவின் முகம் இருந்தது. நெருங்கி வந்தது, விலகிப் போனது, மறுபடி நெருங்கியது. ஆர்டிஸின் வாய் பாட்டோடு போனது. தரை ஒன்று இருப்பதே மறந்தது.

உச்சி வந்தபோதுதான் கவனித்தாள். குரல் மூச்சு வாங்கிய இடத்தில் வெல்மாவும் மூச்சு வாங்கினாள். குரல் ஏறிய இடத்தில் மோவாயைத் தூக்கினாள். எங்கே புன்னகை, எங்கே கண் பனிக்கவேண்டும், எல்லாம் இருந்தது. வரி எடுத்துக் கொடுப்பவள் முகமாக அது இல்லை. பாடுகிறவள் முகமாக இருந்தது. கண்ணாடி முன் எத்தனையோ நாள் நின்று பழகிய முகம். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

கீழே ஃபெங்கல் நின்றிருந்தார். அவர் ஊஞ்சலைப் பார்க்கவில்லை. கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாலோரன் அருமை என்றார். எதற்கும் இருக்கட்டும், இன்னொன்று எடுத்துவிடலாம் என்றார்.

"பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்றாள் வெல்மா மேலிருந்து.

ஆடி அடங்கிக்கொண்டிருந்த ஊஞ்சலிலிருந்து ஆர்டிஸ் குனிந்து தரையைப் பார்த்தாள். இப்போது பார்க்க முடிந்தது. பயம் அங்கே இல்லை. வெறும் பலகைகள்.

"அவளக் கீழ எறக்கிருங்க" என்றாள் ஹாலோரனிடம். "இனி எனக்குத் தேவையில்ல."

கையைக் கவுனில் துடைத்தாள். கை மறுபடி ஈரமானது. அப்படியே கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்ற நாலு பேரிடமும் இழுக்கச் சொன்னாள்.