யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது

துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டிக்கொண்டிருந்த கத்திரியின் கை பாதியில் நின்றது. மாட்ட வேண்டிய போல்ட்டைக் காணோம்.

போல்ட் என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரும்புத் துண்டுதான். ஆனால் குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுவது அது. அது இல்லாவிட்டால் துப்பாக்கி துடைப்பக் கட்டைக்குச் சமம். அவள் விரிப்பை உதறினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். பூட்ஸைக் கூடக் கழற்றித் தட்டிப் பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர், "என்ன தேடுறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

வலிக்கவே இல்லை என்று சாதிக்கும் முகங்களைத் தினமும் பார்க்கிற மனிதர் அவர். "சும்மா சொல்லுங்க," என்றார்.

அவள் விரிப்பை மறுபடியும் உதறினாள். கொஞ்சம் முன்புவரை எல்லோரும் மைதானத்தில்தான் விரிப்புப் போட்டு உட்கார்ந்து துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குக் கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு இந்தத் தகரக் கொட்டகைக்கு ஓடிவந்தார்கள். அந்த ஓட்டத்தில்தான் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

அது பகுதிநேரப் படை. ரிசர்வ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வாரநாட்களில் அவரவர் பிழைப்பு. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு இந்த முகாம். சார்ஜென்ட் மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறவர். கேப்டன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கத்திரி இரண்டு நாற்காலி போட்டு ஒரு சின்ன பார்லர் நடத்துகிறாள். முடி வெட்டுகிற அவளுக்குக் கத்திரி என்ற பட்டப்பேர் வந்தது அப்படித்தான்.

விவாகரத்துக்குப் பிறகு அவளுடைய மகள் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அப்பாவிடம் போய்விடுவாள். அந்தச் சனி ஞாயிறுகளில் வீடு அவளை விழுங்கப் பார்த்தது. டிவியைப் போட்டால் எரிச்சல், அணைத்தால் பயம். ஒருநாள் பார்லருக்கு வந்த பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் ரிசர்வைப் பற்றிச் சொன்னாள். முப்பத்து நாலு வயதில் கத்திரி அதில் சேர்ந்தாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்று அக்கா கேட்டாள். முதல் மாதம் ஓடி ஓடி வாந்தி எடுத்தபோது அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் அடுத்த மாதம் எப்போது வரும் என்றும் இருந்தது. ஓடு என்றால் ஓட வேண்டும், தோண்டு என்றால் தோண்ட வேண்டும். ராத்திரி படுத்தால் அடித்துப் போட்டது போலத் தூக்கம். இங்கே யாரும் அவளைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டவில்லை.

இப்போது எல்லாம் போச்சு என்று நினைத்தாள். எழுந்து நேராக சார்ஜென்ட்டிடம் போனாள்.

"சார்ஜென்ட், என் போல்ட்டைக் காணோம்."

டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன சார்ஜென்ட் அதை அப்படியே கீழே வைத்தார். "நல்லாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன்."

"இன்னொரு தடவை பாரு."

"பார்த்துட்டேன் சார்ஜென்ட். என்கிட்ட இல்ல."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. நடுரோட்டில் பஸ் நின்றுபோன மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். எழுந்து கேப்டன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கேப்டனும் கூட வந்தார்.

"ஒரு போல்ட் காணாமப் போயிருக்கு," என்றார் கேப்டன். வகுப்பில் பேசுகிற அதே குரல். உயர்த்தாமலேயே கடைசி வரிசை வரை கேட்கும். "கிடைக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இருட்டுறதுக்குள்ள கிடைக்கலன்னா மேலிடத்துக்குச் சொல்லியாகணும். அப்புறம் விசாரணை. அது வேண்டாம்னு நினைக்கிறவங்க மைதானத்துக்கு வாங்க."

பிளம்பரைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். அவருக்குக் காலையிலிருந்தே உடம்பு அனலாகக் கொதித்தது. மழை பிடித்ததுமே ஆம்புலன்சில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மற்றவர்களில் ஒருவருக்கு மச்சான் வீட்டு விசேஷம், ஒருத்திக்குக் கைக்குழந்தை, சார்ஜென்ட்டுக்கு விடியற்காலை முதல் பஸ். கத்திரி தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் எல்லோருடைய கண்ணும் தன் மேல் இருக்கும் என்று பயம்.

கைக்குக் கை எட்டும் தூரத்தில் வரிசையாக நின்றார்கள். தூறல் விடவில்லை. ஒவ்வோர் அடியாக, புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டே நகர வேண்டும். முழங்கால் அளவு புல். இரும்பும் சேறும் ஒரே நிறம். பாதித் தூரம் போனதும் சார்ஜென்ட், "நின்னு பார்த்தா தெரியாது, எல்லாரும் முட்டி போடுங்க," என்றார். முட்டி போட்டார்கள்.

கத்திரி, பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பல் டாக்டரிடம், "சாரி டாக்டர், என்னால உங்களுக்கும்..." என்று ஆரம்பித்தாள்.

"அட, விடுங்க. பல்லுக்குள்ள தேடுறவன், புல்லுக்குள்ள தேட மாட்டேனா?"

அந்தப் பக்கமிருந்து யாரோ, "டாக்டர், புல்லுக்கும் மரத்துப்போக ஊசி போடுவீங்களா?" என்று கத்த, வரிசை முழுக்கச் சிரித்தது. கத்திரியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மைதானத்தின் கோடி வரை போய்த் திரும்பினார்கள். கிடைக்கவில்லை. பயிற்சிக்காகத் தோண்டிய பதுங்கு குழிகளை அன்று மத்தியானம்தான் மூடியிருந்தார்கள். சார்ஜென்ட் அந்த ஈர மண்ணைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார்.

"சொல்லாதீங்க சார்ஜென்ட்," என்று ஒரு குரல் கெஞ்சியது.

"மண்வெட்டியை எடுங்க," என்றார் அவர்.

கத்திரிதான் முதலில் ஓடிப்போய் எடுத்தாள். கை எரிய எரியத் தோண்டினாள். தோண்டும்போதே ஒன்று உறைத்தது. துப்பாக்கியைக் கழற்றும்போது குழிகளை மூடி முடித்தாகிவிட்டது. போல்ட் குழிக்குள் போக வழியே இல்லை. அப்படியானால் மழை பிடித்தபோது தன் விரிப்புக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? இந்தப் பக்கம் டாக்டர். அந்தப் பக்கம் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருந்தவர் பிளம்பர்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு சார்ஜென்ட்டிடம் ஓடினாள். "பிளம்பர் அண்ணன்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

"அவர் போனை எடுக்கலையே. ஜுரத்துல தூங்குறாரு போல."

"வீட்டம்மா நம்பர் இருக்கா?"

சார்ஜென்ட்டின் முகம் மாறியது. சுற்றி நின்றவர்கள் சட்டென்று தோண்டுவதில் மும்முரமானார்கள். பிளம்பர் வீட்டம்மா என்றால் படைக்கே சிம்மசொப்பனம். பயிற்சித் தேதியை மாற்றியதைச் சொல்ல சார்ஜென்ட் ஒருமுறை போன் செய்தபோது, "அவருக்குக் கழுத்தை நீட்டினது நானா, உங்க ரெஜிமெண்டா?" என்று கேட்டுவிட்டு வைத்தவள். இத்தனை வருஷத்தில் குடும்பங்களை அழைக்கிற ஒரு விழாவுக்கும் இந்த வாசலை மிதித்ததில்லை.

"இருக்கு," என்றார் சார்ஜென்ட். "ஆனா நான் பேச மாட்டேன். மனுஷனை வேற ஜுரத்தோட அனுப்பி வச்சிருக்கோம்."

"குடுங்க, நான் பேசுறேன்."

வீட்டம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அக்கா, நான் ரெஜிமெண்ட்லேருந்து..."

"ரெஜிமெண்ட்டா? நல்லா இருக்கும்மா உங்க ரெஜிமெண்ட்! நல்ல ஆளா அனுப்பினா நனைஞ்ச கோழியாத் திருப்பி அனுப்புறீங்க. உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. இதுல உங்க சட்டையைத் துவைக்கப் போட்டு என் மெஷினும் போச்சு. உள்ள கல்லை அரைக்கிற மாதிரி கடகடன்னு ஒரே சத்தம். இப்பதான் நிறுத்திட்டு வந்தேன்."

கத்திரி போனை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, அக்கா, கொஞ்சம் அந்த மெஷினைத் திறந்து பாருங்களேன். இரும்புத் துண்டு ஏதாவது..."

மறுமுனையில் செருப்புச் சத்தம். மூடியைத் திறக்கும் சத்தம். ஈரத் துணிகளை இழுத்துப் போடும் சத்தம்.

"கறுப்பா, விரல் தடிமன்ல, ஒரு பக்கம் பல்லுப் பல்லா இருக்கு. இதுவா?"

கத்திரி வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். போனில் தலையாட்டுகிறாள் என்று டாக்டருக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் போனுக்குள் குனிந்து, "அதுதாம்மா! அதேதான்!" என்று கத்தினார்.

தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டிகளை வானத்தில் எறிந்தார்கள். சார்ஜென்ட் சேற்றிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உடனே எழுந்து, "எவன்டா மண்வெட்டியைத் தூக்கிப் போட்டது? தலையில விழுந்தா?" என்று திட்டத் தொடங்கினார். ஆனால் வாய் காதுவரை போயிருந்தது.

வண்டி அனுப்புகிறோம் என்று கேப்டன் சொல்லிப் பார்த்தார். வேண்டாம், நானே வருகிறேன், எனக்கும் உங்களிடம் நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது என்று வீட்டம்மா சொல்லிவிட்டாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் பிளம்பரின் வேன் வந்து வாசலில் நின்றது. மேலே கட்டியிருந்த குழாய்கள் ஆடிக்கொண்டிருந்தன. இறங்கியவள் குள்ளமான, ஒல்லியான பெண். கையில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தாள். நாலு வார்த்தை கேட்க வந்தவள் மைதானத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். தோண்டிய குழிகளைத் திரும்ப மூடிக்கொண்டிருந்தார்கள். யார் ஆண் யார் பெண் என்று தெரியாதபடி சேறு. சார்ஜென்ட்டின் மீசையிலும் சேறு.

"இது என்ன கோலம்?" என்றாள்.

"இதைத்தான் தேடினோம்," என்றாள் கத்திரி. "என்னோடது அக்கா. நான் தொலைச்சேன்."

"நீ தொலைச்சதுக்கு இத்தனை பேருமா?"

"ஆமாக்கா."

வீட்டம்மா துண்டை விரித்தாள். போல்ட் சோப்பு வாசனையோடு பளபளவென்று இருந்தது. "அவரை எழுப்பிக் கேட்டேன். மழையில கிடந்துச்சு, நனையுமேன்னு சட்டைப் பையில போட்டேன், கத்திரியோடது, குடுத்துடுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு." அவள் சார்ஜென்ட் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமையானா சீட்டாடிக்கிட்டு, குடிச்சுக்கிட்டுக் கிடப்பீங்கன்னு நினைச்சேன்."

"அப்படி இருந்தா நல்லாத்தான்மா இருக்கும்," என்றார் சார்ஜென்ட் ஏக்கத்தோடு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, வந்த காரியத்தையும் விடாமல் முடித்தாள்: "காலையிலயே ஜுரம்னு தெரிஞ்சும் மழை வர்ற வரைக்குமா வச்சிருப்பீங்க? அந்த மனுஷன் சொல்ல மாட்டாரு. நீங்கதான் பார்க்கணும்."

"எங்க தப்புதான்," என்றார் கேப்டன். "இனிமே இப்படி நடக்காது. அவர் சரியாகிற வரைக்கும் தினமும் யாராவது வந்து பார்ப்பாங்க."

"தினமும் வேண்டாம்," என்றாள் வீட்டம்மா அவசரமாக. "ஒருநாள் வந்தாப் போதும்."

ஆயுத அறையில் போல்ட்டைப் பொருத்தி, இழுத்துப் பார்த்து, துப்பாக்கியை வாங்கி வைத்தார்கள். பூட்டு விழுந்த பிறகு கேப்டன் கத்திரியைத் தனியே கூப்பிட்டார். அவள் விறைப்பாக நின்றாள்.

"மறைக்காம உடனே சொன்ன. அது சரி. ஆனா கழற்றின பாகங்களைச் சிதற விட்டது தப்பு. அடுத்த மூணு மாசம், எல்லாரும் போன பிறகு இந்த அறையைக் கூட்டித் துடைக்கிற வேலை உன்னோடது."

"சரி மேடம்," என்றாள் கத்திரி. முகம் மலர்ந்துவிட்டது.

கேப்டன் சந்தேகத்தோடு பார்த்தார். "தண்டனை குடுத்திருக்கேன். புரியுதா?"

"புரியுது மேடம். மூணு மாசம் மேடம்." அடுத்த மாதமும் வரலாம், அதற்கடுத்த மாதமும் வரலாம். அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தாள். மகள் அப்பா வீட்டிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். "மெதுவாவே வா, நான் இருக்கேன்." ஆனால் கடைசிப் பஸ் போயிருந்தது. பஸ் டிரைவரையே சார்ஜென்ட்டாக வைத்துக்கொண்டு பஸ் இல்லாமல் நிற்கிறோமே என்று யாரோ அங்கலாய்த்தார்கள். வீட்டம்மா, "ஏறு, நான் விட்டுடுறேன்," என்றாள். சீட்டில் சேறாகிவிடுமே என்று கத்திரி தயங்கினாள். "பிளம்பர் வண்டிம்மா இது. இதுல பட்டதெல்லாம் தெரிஞ்சா சேறே மேல்னு உட்காருவ."

வேன் கிளம்பியது. வைப்பர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று வீட்டம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கத்திரி பயந்துவிட்டாள்.

"அந்தப் பல் டாக்டர் இருக்காரே," என்றாள் வீட்டம்மா. "அவர்கிட்டதான் போன மாசம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கிட்டேன். என்ன ஒரு டீசன்ட்டு, என்ன ஒரு கெத்து! வெள்ளைக் கோட்டுல ஒரு சொட்டு படக்கூடாதுன்னு அந்த நர்ஸைப் போட்டு அந்த விரட்டு விரட்டினாரு. இன்னைக்குப் பார்த்தா, காதுக்குள்ள புல்லு!"

"காதுக்குள்ளயா? நான் பார்க்கலையே!"

"காதுக்குள்ளதான். அதோட என்கிட்ட வந்து, 'பல்லு இப்ப எப்படிம்மா இருக்கு'ன்னு கேக்குறாரு!"

கத்திரிக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. மத்தியானத்திலிருந்து அங்கே முடிச்சுப் போட்டு வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துகொண்டு வந்தது. வீட்டம்மா வேனை ஓரம் கட்டி நிறுத்தினாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்துவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சுற்றிக்கொண்டு போனார்.