துத்தநாகம் வந்த வழி

சுத்தத் தண்ணீரில் துத்தநாகம் இருந்தது. இருக்கவே கூடாது. ஆற்று நீர் மாதிரிகளோடு ஒரு குப்பியில் வெறும் சுத்தத் தண்ணீரையும் வைத்து, அதே அமிலம், அதே வடிதாள், அதே கை என்று எல்லா உபசாரமும் அதற்கும் செய்வார்கள். முடிவில் கருவி அதில் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். வெற்று மாதிரி என்று அதற்குப் பெயர். அது சில நாள் ஒழுங்காகப் பூஜ்யம் காட்டியது. சில நாள் ஆற்றையே மிஞ்சியது.

அவள் முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஒப்பந்த வேலை, பாக்கி நான்கு மாதம். நெடுஞ்சாலையின் மழைத்தண்ணீர் ஆற்றில் விழும் இடத்துக்குக் கீழே துத்தநாகம் கூடுகிறது, தேய்ந்து உதிரும் டயர் தூள்தான் காரணம் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. அந்தக் கட்டுரை மாதக் கடைசிக்குள் போனால் ஒப்பந்தம் நீளும். போகாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆய்வகத்தில் அவளுக்கு 'மூணுவாட்டி' என்று பட்டப்பெயர். எதையும் மூன்று முறை அலசாமல் விடமாட்டாள். அதனால் தன் கையைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அமிலத்தை மாற்றினாள், வடிதாளை மாற்றினாள், கையுறைப் பெட்டியைத் தூக்கிக் கடாசிவிட்டு வேறு வாங்கினாள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவரை அரை நாள் நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். அவர் போகும்போது கும்பிடு போட்டுவிட்டுப் போனார். துத்தநாகம் மட்டும் போகவில்லை.

விடை வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. கணவன் மருத்துவமனையில் செவிலியர். அவனுடைய வேலை அட்டவணை குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். விடியற்காலை வேலை என்றால் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவான். பாப்பாவைக் குளிப்பாட்டித் தயார் செய்வது அவள். மற்ற நாளில் அவன். பால் எடுக்கப் போனவள் அந்த அட்டவணையைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். கைப்பேசியில் இருந்த வெற்று மாதிரிக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். அவன் விடியற்காலை போன நாளெல்லாம் துத்தநாகம். இருபத்திரண்டு நாளும் பிசகாமல் பொருந்தின.

"பாப்பாவுக்கு டயப்பர் போடறதுக்கு முன்னாடி ஒரு களிம்பு பூசறோமே, அது எங்கங்க?"

"அலமாரியில. ஏன், புண்ணு வந்திருக்கா?"

"புண்ணு எனக்குத்தான் வந்திருக்கு."

குழாயைத் திருப்பிப் பார்த்தாள். துத்தநாக ஆக்சைடு, பத்தில் ஒரு பங்குக்கு மேல். சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும் பசை. அந்த விரலால் கையுறையை இழுத்து மாட்டினால் களிம்பு கையுறையின் வெளிப்பக்கம் ஏறிவிடும். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. ஆறு மாத உழைப்பை, தன் பிள்ளையின் பின்பக்கத்தைத் துடைத்த கையாலேயே அவள் கெடுத்திருக்கிறாள்.

மறுநாள் வேண்டுமென்றே விரலில் களிம்பு தடவி, நன்றாகக் கழுவி, கையுறை மாட்டி ஒரு வெற்று மாதிரி செய்தாள். எண் எகிறியது. அதை அச்செடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் கெட்டவரில்லை. நல்லவர் பேசுவதைப் போலத்தான் பேசினார். "காரணம் தெரியாத மாசுன்னு ஒரு வரி போட்டு, அந்த அளவைக் கழிச்சுட்டு அனுப்பிடும்மா. நானும் அப்படித்தான் ஒரு கட்டுரையில எழுதினேன், ஒருத்தரும் கேக்கல. களிம்பு அது இதுன்னு எழுதினா, ஒப்பந்தக் குழுவுல எவனாவது, மாதிரி தயாரிக்கிற சுத்த அறைக்குள்ள பிள்ளை பெத்தவங்களை விடாதீங்கன்னு ஆரம்பிப்பான். உனக்குத்தான் கெடுதல்."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் தெரியும்போது தெரியாது என்று எழுத அவளுக்குக் கை வராது. "எழுதத்தான் சார் போறேன். மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. மறுபடி ஆத்துல இறங்கறேன்."

அன்று முதல் களிம்பு கணவன் பொறுப்பு. விடியற்காலை வேலைகளை அவன் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டான். அவள் பாப்பாவைத் தூக்குவாள், கொஞ்சுவாள்; பொட்டலம் பிரிக்கும் நேரம் வந்தால் அவனிடம் நீட்டிவிடுவாள். "ஆராய்ச்சிக்கு நான் செய்யற தொண்டு" என்று அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தான். பதினான்கு நாள் பதினான்கு வெற்று மாதிரி, அத்தனையும் பூஜ்யம். சாலை நீர் கலக்கும் இடத்துக்குக் கீழே துத்தநாகம் கூடத்தான் செய்தது. முன்பு சொன்னதில் பாதி, ஆனால் அசைக்க முடியாத பாதி.

கட்டுரையில் தெளிவாக எழுதினாள்: முதல் சுற்று மாதிரிகள் நீக்கப்பட்டன; தயாரித்தவரின் கையில் குழந்தைக்குப் பூசும் களிம்பு இருந்தது. அந்த வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுத்த அறைக் கதவிலும் ஒட்டி, கீழே துத்தநாகம் கலந்த பூச்சுகளின் பட்டியலைப் போட்டாள். மாணவர்கள் கூடிக் கூடிப் படித்தார்கள்.

குழு கூட ஒரு மணி நேரம் இருக்கும்போது பேராசிரியர் அவள் மேசைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பட்டியல்ல நாலாவதா பொடுகு ஷாம்புன்னு போட்டிருக்கியே. எல்லாத்துலயும் இருக்குமா?"

அவள் குப்பியை வாங்கிப் படித்தாள். "இதுல இருக்கு சார்."

"பன்னெண்டு வருஷமா இதுதான். யோசிக்கும்போது தலையைச் சொறியற பழக்கம் வேற." நரை விழுந்த அடர்ந்த முடிக்குள் போன கையைப் பாதியில் நிறுத்திக் கீழே இறக்கினார். "என் கட்டுரையில காரணம் தெரியலன்னு எழுதினதும் துத்தநாகம்தான்."

அவள் குப்பியை மேசையில் வைத்தாள். "சோதிச்சுப் பார்த்துடலாம் சார்."

"பார்ப்போம். அதுக்கு முன்னாடி குழு இருக்கு." எழுந்து குப்பியைக் கையிலேயே எடுத்துக்கொண்டார். "உன் கட்டுரையையும் இதையும் சேர்த்தே மேசையில வைக்கறேன். பிள்ளை பெத்தவங்களை வெளிய நிறுத்தணும்னு எவனாவது வாயைத் திறந்தா, தலைக்குக் குளிக்கிறவனையும் சேர்த்து நிறுத்துங்கன்னு சொல்லிடறேன்."

சாயங்காலம் ஒப்பந்தக் கடிதம் வந்தது. மூன்று வருடம் என்று போட்டிருந்தது.