கழற்றி வைத்த நேரங்கள்

...இல்லை, காலையிலிருந்து ஒருதரம் கூட அசைக்கவில்லையா, அதெப்படி, தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டேனே, தொட்டதெல்லாம் சேர்த்தியில்லையா என்று நளீம் தன் வலக்கை மணிக்கட்டில் கிடந்த கறுப்புப் பட்டியை முறைத்தார், அது இன்னொருமுறை அதிர்ந்தது, கை சும்மா கிடந்தால் மணிக்கொருதரம் இப்படித்தான், அசைத்தாலோ எத்தனை அசைவு என்று எண்ணி மனைவி மஸீனாவின் போனுக்கு அனுப்பும், அங்கிருந்து கைக்குப் பயிற்சி கொடுக்கிற சிவதர்ஷினி மிஸ்ஸுக்குப் போய்விடும், கோள்மூட்டி, சரியான கோள்மூட்டி! நாலு மாதத்துக்கு முன் பலாபத்வலயில் ஒரு கடையில், காய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கராம்புச் சாக்குக்குள் விட்ட கை... விட்டது விட்டதுதான், வெளியே எடுக்க வரவில்லை, வாயும் ஒரு பக்கம் கோணிப்போயிற்று, பாரிசவாதம் என்றார்கள். வாய் வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, இந்தக் கைக்கு மட்டும் என்ன கோபமோ. வருகிற ஞாயிறு அம்றாவுக்கு நிகாஹ். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்து, என் மகளை உமக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும், இருக்கிற ஒரே மகள், அதைக்கூடச் செய்யாமல் நான் என்னத்துக்கு வாப்பா? இடக்கையை நீட்டுவதா, சீச்சீ. முடியாவிட்டால் தம்பி பலீல் எனக்குப் பதிலாகக் கை கொடுப்பான், யார் என்று பள்ளிவாசலுக்கு இன்றைக்கே சொல்ல வேண்டுமாம், அதைக் கேட்கத்தான் நாலு மணிக்கு வருகிறான்.

அதற்குள் காலையில் மிஸ் போனில் கேட்ட கேள்வி வேறு. "அங்கிள், ஒரு நாளைக்கு அஞ்சு தரம், கால் மணி நேரம் கால் மணி நேரமா ஒண்ணுமே பதிவாகல்ல, தூங்குறீங்களா?" மஸீனாவுக்குச் சிரிப்பு. "அது தொழுற நேரம் மிஸ். கைகால் கழுவி வுளூ செய்யக் கழட்டினா, தொழுது முடிஞ்சுதான் திரும்பக் கட்டுவாரு." அந்தப் பக்கத்திலிருந்து, "ஐயோ அங்கிள், தொழும்போது கையைத் தூக்குறீங்க, இறக்குறீங்க, நாள் முழுக்க நீங்க ஆகக் கூடுதலா அசைக்கிற நேரமே அதுதானே, அதைப் போய்க் கழட்டி வெச்சீங்களே!" பட்டி கட்டி மூன்று வாரம்! மூன்று வாரமாக அந்தப் பட்டி ஜன்னல் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது. ஆனால் மிஸ்ஸுக்கு எப்படி விளங்கப்படுத்துவது, அல்லாஹ்வுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு முப்பது, முப்பத்தொன்று என்று எண்ணிக்கைக்காகத் தொழுகிறதா, அது தொழுகையா, உடம்பு வளர்க்கிற கசரத்தா? பெருமைக்குக் கழற்றவில்லை, பயத்தில் கழற்றினேன்... பயமா? கை வராவிட்டால் அங்கேயும் வரவில்லை என்று எழுதிவிடுமே என்ற பயமோ?

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மஸீனா தண்ணீர் ஊற்ற, வலக்கையை முதலில் கழுவி, துடைத்து, "இந்தா, இதைக் கட்டி விடு" என்றார், அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டினாள், நல்லவள். கதிரையில் உட்கார்ந்தபடியே கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினார், இடக்கை தோளுக்குப் போயிற்று, வலக்கை நெஞ்சு வரைக்கும் வந்து இழுத்துக்கொண்டது, ஒன்று, குனிகிற ருகூவுக்கு இன்னொன்று, இரண்டு... பார், எண்ணுகிறேன், யா அல்லாஹ், வெட்கமாக இருக்கிறது. வேண்டாம், கையை விடு, ஓது. ஓதும்போதே நினைப்பில் அம்றா வந்துவிட்டாள், நேற்றுப் பகல் மீன் துண்டில் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, வாப்பா வாய் திறங்க என்று, அடுத்த கிழமையிலிருந்து யார் வீட்டில் யாருக்கு முள் எடுப்பாளோ, மாப்பிள்ளைப் பையன் இப்திகார் நல்லவன்தான், மீன்கூட ஒழுங்காகச் சாப்பிடத் தெரியாதவன் போலிருக்கிறான், இவளிடம் மாட்டிக்கொண்டு... அடுத்த ருகூவிலிருந்து நிமிர்ந்தபோது காது மடலில் ஏதோ பட்டது. விரல். எந்தக் கை? வலக்கை! அது எப்போது அங்கே போனது? பார்த்தார், அவ்வளவுதான், பார்த்ததும் மெல்ல இறங்கி மடியில் விழுந்துவிட்டது. மிச்சத் தொழுகை முழுக்கச் சந்தோசமாக இருந்தது, சந்தோசப்பட்டதற்காக மன்னிப்பும் கேட்டார்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கவும் பலீலின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மஸீனா போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், "இஞ்ச பாருங்க, எத்தனை எண்டு" என்றாள், "அது கிடக்கட்டும்" என்றார், அவளுக்கு ஆச்சரியம். பலீல் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றான், பாவம், நானா என்று அண்ணனைக் கூப்பிட்டுவிட்டு மேலே கேட்கவே அவனுக்குக் கூச்சம். "நானா, பள்ளியில கேக்குறாங்க, என்ட பேரைக் குடுக்கட்டா?"

"வாணாம். நான்தான் கை குடுப்பேன்."

"கை ஏலுமா நானா?"

"ஏலுமோ என்னமோ, குடுப்பேன்" என்றார், அப்படிச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சிரிப்பு வந்தது. பலீலும் சிரித்தான், "சரி, சரி, மாப்பிள்ளைட கையை நசுக்கிப் போடாதீங்க" என்று உள்ளே வந்து உட்கார்ந்தான். கையை நினைத்தால் கை வராது, மகளை நினைத்தால் வரும், அவ்வளவுதானே, ஞாயிற்றுக்கிழமை கையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு... ஆனால் நிகாஹ் நடக்கிற இடத்தில் அம்றா இருக்கமாட்டாளே, உள்ளே பெண்களோடல்லவா இருப்பாள். அப்படியானால் அந்த நேரம் நான் எங்கே பார்ப்பேன்?