முதல் கோரிக்கை

மாரிசெல்வி அந்தச் சிவப்புப் பலகையைச் செய்ததற்குக் காரணம் நிலாவின் தோளில் வைத்த சீழ்.

ஆடலும் பாடலும் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காத மாதிரி நடிப்பவர்களுக்கும் தெரியும். மேடையில் பெண் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தன் மேலே ஏறுவான். ரூபாய் நோட்டை ஊக்கில் கோத்து அவள் ரவிக்கையில் குத்துவான். அன்பளிப்பாம். பத்து ரூபாய் நோட்டைக் குத்துவதற்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்வான். ஒரு கையில் ஊக்கு இருக்கும். இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று கீழே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும், முகம் சுளித்தால் அடுத்த வருஷம் அந்த ஊரில் கூப்பிட மாட்டார்கள். போன தை மாதம் ஒரு குடிகாரன் குத்திய துருப்பிடித்த ஊக்கு நிலாவின் தோலுக்குள்ளேயே போய்விட்டது. ஊசி, மாத்திரை, பதினோரு நாள் படுக்கை. குழு முதலாளி வேல்ராஜ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "தொழில்னா இதெல்லாம் சகஜம்மா" என்றான். அவன் ரவிக்கை போட்டுக்கொண்டா ஆடுகிறான்? சொல்லுவான்.

மாரிசெல்விக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வயது முப்பத்தாறு, அதில் பதினேழு வருஷம் மேடை. கம்பெனி வேலைக்கு வந்த புருஷனோடு ஒரகடம் பக்கத்து மண்ணூருக்கு வந்தாள். கான்ட்ராக்ட் முடிந்ததும் அவன் போனவன்தான். இப்போது நிலாவையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரரிடம் கேட்டரிங் வேலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் நம்பவில்லை, ஆனால் வாடகையை ஆயிரம் ரூபாய் கூட்டி வாங்கிக்கொண்டார்.

வேல்ராஜின் பிடி எல்லாம் அட்வான்ஸில்தான். இருபதாயிரம் கொடுப்பான். அதற்கு வருஷம் முழுக்க அவன் சொன்ன ஊரில், அவன் சொன்ன உடுப்பில் ஆட வேண்டும். வருஷக் கடைசியில் பார்த்தால் அதே இருபதாயிரம் பாக்கி நிற்கும். மாரிசெல்விதான் ஒவ்வொருத்தியையும் இழுத்துக்கொண்டு போய் போஸ்ட் ஆபீஸில் கணக்கு ஆரம்பித்து வைத்தாள். ஆட்டத்துக்கு முந்நூறு ரூபாய் போட்டே ஆக வேண்டும். "உடம்பு ஓடுத வரைக்குந்தாம்ளா கூலி. அதுக்கப்புறம் எவன் வந்து விசில் அடிப்பான்?" என்பாள். அப்படி மூன்று பேர் அட்வான்ஸிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். நிலாவுக்கு ஒரே ஒரு தவணைதான் மிச்சம். ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிட்டால் அவளுக்கும் விடுதலை. தவறினால் மறுபடி ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அது வேல்ராஜின் சட்டம்.

பலகை ஒன்றும் பெரிய வேலைப்பாடு இல்லை. கம்பெனிகளில் இயந்திரம் இறக்கியபின் தூக்கிப் போடுகிற கனமான தெர்மாகோலைப் பழைய சாமான் கடையில் வாங்கி, சிவப்பு வெல்வெட் துணி சுற்றி, ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினாள். அன்பளிப்பைக் குத்துகிறவர்கள் இனிமேல் இதில் குத்தட்டும், வருகிற பணம் ஐந்து பேருக்கும் சமம். வேல்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "பலகையப் பாக்கவா ஜனம் வருது?"

அவனுக்குப் பதில் கிடைத்தது ஒரகடத்தில். பிரேக் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் ஒரு தொழிலாளியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததற்காக, ஆட்கள் நாற்பத்தாறு நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். வல்லம் வடகால் போகும் ஷேர் ஆட்டோவிலிருந்து மாரிசெல்வி தினமும் அந்த பேனரைப் பார்ப்பாள். ஏழு கோரிக்கைகள். முதல் கோரிக்கை: தொழிலாளியின் உடம்பில் யாரும் கை வைக்கக் கூடாது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு விம்மும். கடைசியில் சங்கம் ஜெயித்தது. வெற்றி விழாவுக்கு ஆட்டம் வேண்டும் என்று வேல்ராஜுக்கு போன் வந்ததும், "பேச நானும் வாரேன்" என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

டிபன் கடைக்கு மேலே இருந்தது சங்க ஆபீஸ். செயலாளர் செந்தமிழன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும், கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. பக்கத்தில் பொருளாளர் ஜோயல். அதிகம் பேசாத பையன்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு நிபந்தனை. நோட்ட எங்க மேல குத்தக் கூடாது, பலகையிலதான் குத்தணும். எழுதித் தருவியளா?"

"அண்ணாச்சின்னா எங்க ஊர்ல மளிகைக் கடைக்காரரும்மா" என்று சிரித்தார் செந்தமிழன். பிறகு அவள் சொன்னது உறைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல யோசிக்க இன்னா கீது? நாங்க நாப்பத்தாறு நாள் ரோட்ல குந்திகினு இருந்தது இதுக்குத்தானே? மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு உள்ள வாங்கடான்னான் கம்பெனிக்காரன். ஆளுக்கு ஒண்ணு டைப் அடிச்சு வூட்டுக்கே அனுப்பிச்சான். வட்டிக்கு வாங்கித் தின்னோம், ஒருத்தன் கையெழுத்துப் போடல."

சங்கத்தின் லெட்டர் பேடில் அவரே எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். பதினேழு வருஷத்தில் அவள் தொழிலுக்கென்று ஒருத்தர் கொடுத்த முதல் காகிதம் அதுதான். மாரிசெல்வி அதை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பாதிப் பணம் முன்னாலேயே வேல்ராஜ் கைக்குப் போய்விட்டது. மீதிதான் பெண்களின் கூலி, நிலாவின் கடைசித் தவணையும் அதிலிருந்துதான், ஆட்டம் முடிந்ததும் தருவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்யாண மண்டபத்தில் விழா. பிரியாணி, பேச்சு, மாலை எல்லாம் ஆனபிறகு ஆட்டம். செந்தமிழன் முன்னாலேயே மைக்கில் சொல்லிவிட்டார், அன்பளிப்பெல்லாம் பலகையில் மட்டும்தான் என்று. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஆட்கள்தானே, வரிசையாக வந்தார்கள், பலகையில் குத்தினார்கள், இறங்கிப் போனார்கள். ஒருத்தன் கும்பிட்டுவிட்டுக்கூடப் போனான். சிவப்புத் துணி தெரியாத அளவுக்கு நோட்டு. நிலா ஆடிக்கொண்டே மாரிசெல்வி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள். பயமில்லாமல் ஆடினால் ஆட்டம் எவ்வளவு நன்றாக வருகிறது என்று மாரிசெல்விக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் யாரோ, "தலைவரே, நீங்க ஒண்ணு குத்துங்க" என்று கத்தினார்கள். செந்தமிழன் மேடையேறினார். பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினார். "தோழர்களே, இந்தச் சகோதரியும் ஒரு தொழிலாளிதான். உரிமைய எழுதிக் கேட்டு வாங்கின தைரியசாலி. அந்த தைரியத்துக்கு நம்ம சங்கத்தோட மரியாதை." குரல் தழுதழுத்தது, பொய்யில்லை. பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து ஊக்கில் கோத்தார். பலகைக்கும் மாரிசெல்விக்கும் நடுவில்தான் நின்றார். பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. இடது கையால் அவள் தோளில் ரவிக்கைத் துணியைப் பிடித்து இழுத்து, விரலை உள்ளே கொடுத்துத் தாங்கி, நிதானமாகக் குத்தினார்.

விசில் மண்டபத்தைப் பிளந்தது. தலைவரே குத்திவிட்டாரே, இனி என்ன? அவர் பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் எழுந்து வந்தார்கள். ஒருத்தன் கையில் ஊக்கோடு நிலாவிடம் போய்விட்டான். நிலாவின் முகம் பழைய சிரிப்புக்கு மாறியதை மாரிசெல்வி பார்த்தாள். பிஞ்ச செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

தோளில் இருந்த நோட்டைக் கழற்றினாள். செந்தமிழனின் சட்டையை அவர் பிடித்த மாதிரியே இடது கையால் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நெஞ்சில் விரலை வைத்து அந்த நோட்டைக் குத்தினாள். மைக்கை அவர் கையிலிருந்து எடுத்தாள்.

"உங்க பேனர்ல முதல் கோரிக்கை என்ன அண்ணாச்சி?"

பின்வரிசையில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள், நாற்காலி ஒன்று விழுந்தது. ஆட்டம் அதோடு சரி. மீதிப் பணம் இல்லை என்று வேல்ராஜிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பலகையையும் எவனோ மிதித்து உடைத்துவிட்டான். அதில் இருந்த நோட்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாதாம்.

அன்று சாயங்காலமே வேல்ராஜ் மாடியேறி வந்து நிலா கையில் புது அட்வான்ஸ் பத்திரத்தைக் கொடுத்தான். "அஞ்சாந்தேதி வரைக்கும் டைம். கையெழுத்துப் போட்டு வை." மற்ற மூன்று பெண்களும் மாரிசெல்வியோடு சரியாகப் பேசவில்லை. "தோள்லதானக்கா குத்துனாரு, நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றாள் ஒருத்தி. நிலா பத்திரத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள், அதுதான் இன்னும் வலித்தது.

நான்காம் நாள், தேதி நாலு, செந்தமிழனும் ஜோயலும் மண்ணூருக்கு வந்தார்கள்.

"நான் மரியாதைக்குத்தாம்மா செஞ்சேன்" என்றார் செந்தமிழன், உட்காராமலே.

"மரியாதையப் பலகையில குத்தியிருக்கலாம்லா?"

அவர் போனில் ஓடிய விழா வீடியோவைக் காட்டினார். "வீடியோ எல்லா ஷெட்லயும் ஓடிகினு கீது. ஆட்டக்காரி தலைவர் சட்டையப் புடிச்சான்னு கம்பெனிக்காரன் சிரிக்கிறான். அடுத்த மாசம் சங்கத் தேர்தல். எனக்கு வேற வழி தெரியல. ஒரு மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு. மீதி இந்தா, கவர்ல கீது."

மாரிசெல்வி பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். ஜோயல் வாங்கிப் படித்தான். "தலைவரே, இதுல நம்ம சீல் இருக்குது" என்று மெதுவாகச் சொன்னான்.

"எனக்குத் தெரியாதாடா?" என்றார் செந்தமிழன். குரலில் கோபம்கூட இல்லை.

கதவோரத்தில் நிலா நின்றிருந்தாள், கையில் வேல்ராஜின் பத்திரம். நாளைக்கு ஐந்தாம் தேதி. மாரிசெல்வி அவளைப் பார்த்தாள், ஜோயல் கையிலிருந்த பணக் கவரைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"எனக்கு இதெல்லாம் எழுதிப் பழக்கமில்ல. சொல்லுங்க, எழுதுதேன்."

செந்தமிழன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. "அன்று நடந்த சம்பவத்திற்கு நானே முழுப் பொறுப்பு. என் செயலுக்காக மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி இதுபோன்ற ஒழுங்கீனத்தில் ஈடுபட மாட்டேன். மீறினால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்."

பேனா நின்றது.

"நிர்வாகமா அண்ணாச்சி?"

ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான், கம்பெனிக்காரன் அனுப்பிய லெட்டர் அவன் வீட்டுக்கும் வந்திருந்தது. செந்தமிழனுக்குக் காது வரைக்கும் சிவந்துபோயிற்று.

"சங்கம்னு போடும்மா" என்றார் கடைசியில்.

அவள் சங்கம் என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, தாளை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க நாப்பத்தாறு நாள் எழுதாம இருந்தீய. நான் நாலே நாள்ல எழுதிட்டேன். உங்களுக்குச் சங்கம் இருந்துச்சு அண்ணாச்சி."

அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டு அடங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு அவர்கள் வைத்துவிட்டுப் போன பணக் கவரைப் பிரித்து நிலாவின் தவணைப் பணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இப்பமே போயிக் கட்டிட்டு ரசீது வாங்கிட்டு வாளா" என்றாள். "இனியும் உன் மேல குத்த வந்தா என்ன செய்யணும்னு கேக்காத. எனக்கே தெரியல."