கூடைக் கயிறு

மண் சரிந்து போன் வேலை செய்யாதபோது, அந்தத் தெரணியகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உதவி கேட்க, வெளியூரோடு பேச அலன் வைத்திருந்த ரேடியோ ஒன்றுதான் வழி. அவன் விழுந்து இறந்த கம்பத்தில் அன்டெனாவை மறுபடி மாட்ட, கூட்டாளி விஜேந்திரன் ரம்புக்கனையிலிருந்து வந்திருந்தான்.

அலனின் மனைவி மேர்சி கிட்டே வந்தாள்.

"தம்பி, அன்னைக்கு என் கொழுந்துக் கூடைக் கயித்தத்தான் இடுப்புல கட்டிக்கிட்டு ஏறுனாரு. நைஞ்ச கயித்த குடுத்துட்டேனா?"

"இல்லக்கா. புதுக் கயிறும் அறுந்திருக்கும். கூடை சும்மா தொங்குது, கயிறு தாங்கும். விழுற ஆள வெடுக்குன்னு நிப்பாட்டுற இழுப்பு, அவரு பாரத்தவிடப் பல மடங்கு. அதுக்குத்தான் நான் கட்டியிருக்கிற இந்தப் பாதுகாப்புப் பட்டி. பாருங்க, ரெண்டு கொக்கி. ஒன்ன மேல மாட்டினப்புறந்தான் மத்தத கழட்டணும். ஒரு நொடிகூடப் பிடியில்லாம இருக்க மாட்டோம்."

மேர்சி பட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "இது அவரோடதுதானே? அன்னைக்கு எங்க இருந்துச்சு?"



"என்கிட்ட," என்றான் விஜேந்திரன். "இரவல் வாங்கிட்டுப் போனேன்க்கா. குடுக்கச் சுணங்கிட்டேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஏறுங்க. நான் பாக்க மாட்டேன்," என்று தன் லய வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.