இரண்டு கே போட்ட அப்பா

1

இந்தக் கதை எனக்கு ஒடுகத்தூரில், ஒரு வங்கி வரிசையில் கிடைத்தது. கைபேசி எண்ணை மாற்றப் போயிருந்தேன். முன்னால் நின்ற பெண், "மேடம், எங்கப்பா ஒருத்தருதாங்க" என்றாள். கவுண்டருக்குள்ளிருந்து, "ரெக்கார்டுபடி ரெண்டு பேருங்க" என்று பதில் வந்தது. நான் கேட்டது அவ்வளவுதான். அதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

'ஜவ்வாது மலைமேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது...'

(வேண்டாம். அப்போது பகல் பதினொன்றரை. எல்லோருக்கும் வியர்த்துக்கொண்டிருந்தது.)

'மரணம் என்பது...'

(கூடவே கூடாது.)

நேராகவே சொல்கிறேன். ரேணுகாதேவி மலையூர் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர். அவள் அப்பா மலையில் புளி வாங்கி வாணியம்பாடி மண்டிக்கு ஏற்றிவிடுகிறவர். போன மாதம் இறந்துவிட்டார். வங்கியில் அவர் பெயரில் நாற்பத்து மூவாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் இருந்தது. அதை வாங்க, வாரிசு சான்றிதழ் முதல் எல்லாக் காகிதங்களோடும் வந்திருந்தாள்.

சிக்கல் ஓர் எழுத்தில் இருந்தது. ராஜாக்கண்ணு என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பாஸ்புக்கில் ஒரு கே போட்டிருந்தார்கள். இறப்புச் சான்றிதழில் இரண்டு கே.

"செத்தவரு ரெண்டு கே. எங்க கஸ்டமர் ஒரு கே. அவரு இன்னும் உயிரோட இருக்காரும்மா" என்றாள் வங்கி அதிகாரி நிவேதா. வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம் ஆனவள். சொன்னபிறகு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நோட்டரிகிட்ட ஒரு பத்திரம் வாங்கிட்டு வாங்க. நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போடணும்."

"எங்கப்பாதான் எங்கப்பான்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"ஆமாங்க. ஐந்நூறு அறுநூறு ஆகும்."

3

இங்கே, அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர் ஒருவர் வேண்டும். முதல் வரைவில் ஜாஹிதாவை வில்லியாக்கினேன். கை நிறைய வளையல், வாய் நிறைய வெற்றிலை, வாசலில் வந்து நின்று கத்தல். அவர் எழுந்துபோய்விட்டார். மெய்யாகவே அந்தப் பக்கத்தில் அவரை உட்காரவைக்க என்னால் முடியவில்லை.

ஜாஹிதா, புளி மண்டி நடத்துகிறவர். அப்பாவின் கைபேசிக்கு அவரே அழைத்தார்.

"இன்னாண்ணா, ஒரு மாசமா ஆளையே காணோம்?"

"அப்பா இல்லீங்க. தவறிட்டாரு. நான் அவரு பொண்ணு பேசறேன்."

மறுமுனையில் மெல்லிய குரலில் ஒரு பிரார்த்தனை. கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பத்து நாள் கழித்துத்தான், "மன்னிச்சுக்கோம்மா, எனக்கும் கஷ்டம்" என்ற குரல் செய்தியோடு, அப்பா கடனுக்கு எழுதிக்கொடுத்த புரோநோட்டின் படம் வந்தது. நாற்பதாயிரம். பாஸ்புக்கைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்: ஒரு கே.

4

தம்பி புருஷோத்தமன் பெங்களூரில் இருக்கிறான். சேதி கேட்டதும் துள்ளினான்.

"அக்கா, ஒரு கேவை உயிரோடயே வுட்ரு! கடனும் அவருது, காசும் அவருது. அந்தம்மா அவருகிட்டயே கேட்டுக்கட்டும். பத்திரம் எழுதினா நமக்கு மிஞ்சறது மூவாயிரம்தான். அதுக்கு ஏன் அலையணும்?"

"புரோநோட்டுல எதுக்காக வாங்கினாருன்னு எழுதியிருக்குடா."

"எதுக்கு?"

"மகன் பெங்களூர் போறதுக்கு, லேப்டாப்புக்கு."

"சிக்னல் சரியில்லக்கா..."

(வாரிசுக்குக் கடன் பொறுப்பு, கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் என்று என் வக்கீல் நண்பர் சொல்கிறார். ரேணுகாவுக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை, நாற்பத்து மூன்றுக்குள் நாற்பது கச்சிதமாக அடங்கிவிடுகிறது.)

5

தம்பி பேச்சைக் கேட்டுப் பத்திரத்தைத் தள்ளிப்போட்டிருந்த ரேணுகா ஏன் மனம் மாறினாள் என்பதற்கு நான்கு பக்க ஆராய்ச்சி எழுதிக் கிழித்தேன். நடந்தது சின்ன விஷயம்.

ஒரு புதன்கிழமை, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கைபேசி ஒலித்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: அன்பான வாடிக்கையாளரே, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், நீடூழி வாழ்க.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தன. எப்போது அது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டு முட்டையை வைத்துக்கொண்டு பார்த்தன.

சாயங்காலம் தம்பிக்கு ஃபோன் போட்டாள். "சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடு. அப்பாவ ரெண்டு பேரா வச்சிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"அக்கா, அந்தக் காசு..."

"கடனுக்கு லேப்டாப்ப எடுத்துக் குடுக்கறியா, நீயா வந்து கையெழுத்துப் போடறியா?"

அவனாகவே வந்தான். நோட்டரி அறுநூறு வாங்கினார். இரண்டு வாரத்தில் பணம் வந்தது.

6

வாணியம்பாடி. ஜாஹிதா நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார்.

முடிவு அ: புரோநோட்டைக் கிழித்துவிட்டு, "பணம் வேணாம், நீ என் மக மாதிரி" என்கிறார். (என் மனைவி படித்துவிட்டு, "எந்த ஊர்ல?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: எட்டு மாத வட்டி கேட்கிறார். (கேட்கலாம், நியாயம்தான். ஆனால் ஃபோனில் பிரார்த்தனை செய்த அந்தக் குரலில் இந்த வசனம் ஒட்டவில்லை.)

என்னிடம் மிச்சமிருப்பது இதுதான். பணத்தைப் பெட்டியில் வைத்தார். புரோநோட்டின் குறுக்கே கோடு போட்டு ரேணுகாவிடம் கொடுத்தார். டீ வரவழைத்தார். பிறகு கேட்டார்:

"மாசியில புளி எறங்கிடும். அண்ணன் இல்லாம மலையில எனக்கு யாரையும் தெரியாதும்மா. நீ ஏத்தி வுடறியா?"

ரேணுகாவுக்குப் புளியில் விலை தெரியாது, தரம் தெரியாது. மலையில் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அங்கன்வாடிச் சம்பளம் எவ்வளவு என்பதும் தெரியும். டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்தப் பதிலை ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். ஏழிலும் பேசியது நான்தான். அதனால் பேனாவை மூடிவிட்டேன். இந்நேரம் உங்களுக்கும் அவளைத் தெரியும். ஜாஹிதா காத்துக்கொண்டிருக்கிறார், சொல்லுங்கள்.