கிளிப்பச்சைச் சுவர்

1

இது கதையாக வந்திருக்கக் கூடாது. ஓவியர் கனிஷ்காவின் கண்காட்சியைப் பற்றிக் கட்டுரை எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் அந்தப் படங்களின் முன்னால் ஒரு பகல் முழுக்க நின்றேன். வால்பாறைத் தேயிலைச் சரிவை ஊதாவில் போட்டிருந்தாள். வளைவில் திரும்பும் பஸ் மட்டும் எலுமிச்சை மஞ்சள். தாராபுரத்துப் பக்கத்துச் செம்மண் காடு ரோஜா நிறத்தில் கிடந்தது. வீட்டு உள்ளறைகளில் இன்னும் துணிச்சல்: ஆரஞ்சுத் திரை, நீலத் தரை, கொடியில் காயும் சிவப்புத் துண்டு. எதிலும் ஆள் இல்லை. ஆனால் மெத்தையில் உட்கார்ந்த பள்ளம் இருந்தது.

இப்படி நிறங்களை எங்கே பிடிக்கிறாய் என்று கேட்டேன்.

“அதை ஏங்க்கா கேக்கறீங்க. ஒரு ஊட்டுல நான் வரைய வாரேன்னு செவுத்தையே மாத்திப்போட்டாங்க” என்று சிரித்தாள். எந்த வீடு, எந்தப் படம் என்று சொல்வதற்குள் யாரோ அவளை அழைத்துப் போய்விட்டார்கள்.

மிச்சமெல்லாம் என் கற்பனை. கட்டுரை கேட்டவர்கள் மன்னிக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: ‘பம்புசெட் தொழிற்சாலை வைத்திருக்கும் அரங்கசாமிக்குக் கலையைப் பற்றி ஒன்றும்—’

வேண்டாம். தொழிலதிபர்களைக் கேலி செய்வது எனக்கு ரொம்பச் சுலபமாக வருகிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘அரங்கசாமியின் மனைவி ராமாமணி, அந்த வீட்டில் ஒரே ஒரு முடிவுதான் எடுத்திருந்தாள்.’ இது இருக்கட்டும்.

வீடு கட்டியபோது வாசல் எந்தத் திசை என்று கணவரின் அண்ணன் சொன்னார். தரைக் கல்லை மாமனார் பார்த்தார். சமையல் மேடையின் உயரத்தை மேஸ்திரி தீர்மானித்தார் (அவர் சமைத்ததில்லை). ஹால் சுவருக்கு மட்டும், யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கலர் கார்டு ராமாமணியின் கைக்கு வந்தது. அவள் கிளிப்பச்சையைத் தொட்டாள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் அந்த ஹாலை ஜூஸ் கடை என்றார்கள். அரங்கசாமியும் கூடச் சிரித்தார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் அதே பச்சையைச் சொன்னாள்.

3

அரங்கசாமி தன் ஆபீசுக்கு வாங்கிய வால்பாறைப் படத்தைக் கொடுக்க கனிஷ்கா வந்தாள். காபி ஆறிப்போகும்வரை ஹால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீரோவுக்கு மேலே, மூலையில் ஈரம் இறங்கிப் பச்சை நீலமாகியிருந்த இடத்தை இன்னும் அதிக நேரம் பார்த்தாள்.

“இந்தக் கலர் யாருங்க எடுத்தது?”

“நாந்தான் கண்ணு.” ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னாள் ராமாமணி.

“அடுத்த வாரம் வந்து வரையட்டுங்களா? ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க, இப்படியே இருக்கட்டும்.”*

(*அடிக்குறிப்பு: எங்கள் பக்கத்தில் ‘ஒன்றும் வேண்டாம்’ என்று விருந்தாளி சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. சாப்பிட்டாயிற்று என்பவருக்குத்தான் முதலில் இலை விழும். அரங்கசாமி இந்த முறையில் வளர்ந்தவர்.)

இடையில் ராமாமணி தாராபுரத்துக்குத் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஹால் முழுக்கச் சந்தன நிறத்தில் பளபளத்தது.

“படம் கண்காட்சிக்குப் போவுது, நாலு பேரு பாப்பாங்க. ஈரக்கறையோடவா காட்டறது?” என்றார் அரங்கசாமி. முகத்தில் பண்டிகைச் சந்தோஷம்.

(வீட்டில் அவர்கள் தெலுங்கில் பேசுகிறவர்கள். நான் தமிழில் எழுதியிருக்கிறேன். ராமாமணி பதில் ஏதும் சொல்லாததால் பாதி வேலை மிச்சம்.)

4

அரங்கசாமி கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். ஒரு பக்கம் முழுக்க அவரைக் கத்தவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனைவி வருவதற்குள் முடியவேண்டும் என்று ஆட்களோடு கூடவே நின்றவர். அவளுக்குத் தும்மல் வரும் என்று வாசனை குறைந்த பெயின்ட்டாகக் கேட்டு வாங்கியவர். இப்படிப்பட்ட மனிதரிடம் எங்கிருந்து கோபத்தைத் தொடங்குவது? ராமாமணிக்குத் தெரியவில்லை. உள்ளே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை டப்பாவில் அடுக்கினாள். எடுத்து மறுபடியும் அடுக்கினாள். அந்தச் சுவர் இனி எந்தப் படத்திலும் இருக்கப்போவதில்லை. அவள் எடுத்தது என்று காட்ட இந்த வீட்டில் இனி ஒன்றுமில்லை.

5

கனிஷ்கா வந்தாள். சுவரைப் பார்த்தாள். அவளும் இந்த ஊர்ப் பெண். “ரொம்ப நீட்டா இருக்குங்க சார்” என்றாள். ஸ்டாண்டை மெதுவாக, மிக மெதுவாக விரித்தாள். வெள்ளையைப் பிதுக்கினாள். மஞ்சளைப் பிதுக்கினாள். (மஞ்சள் சந்தனத்துக்கும் வேண்டும், கிளிப்பச்சைக்கும் வேண்டும். அடுத்த டியூபில்தான் விஷயமே இருக்கிறது.)

முடிவு ஒன்று: கனிஷ்கா நீலத்தை எடுத்து, பழைய சுவரை நினைவிலிருந்தே வரைந்துவிடுகிறாள்.

அடித்துவிட்டேன். ராமாமணியின் சுவரை இன்னொருத்தி மீட்டுக் கொடுப்பதா?

முடிவு இரண்டு: அரங்கசாமி தன் தவறை உணர்ந்து, கலங்கிய கண்—

உணரமாட்டார். இவ்வளவு நேரம் அவரோடு இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

6

ஆகவே ராமாமணியை அவள் போக்கில் விட்டேன்.

“ஏனுங்க, இந்தப் பீரோவை முன்னால இழுக்கோணும். ஒரு கை புடிங்க.”

விருந்தாளி முன்னால் காரணம் கேட்கிற வழக்கம் அரங்கசாமிக்கு இல்லை. பிடித்தார். பீரோ தரையைக் கீறிக்கொண்டு வந்தது. பெயின்ட் அடிக்க வருகிறவர்கள் கனமான சாமானை நகர்த்துவதில்லை. ராமாமணிக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்திருந்தது. சந்தனச் சுவரின் நடுவே, பீரோ உயரத்துக்குக் கிளிப்பச்சை நின்றது. வெயில் படாததால் துளிகூட வெளுக்கவில்லை.

கனிஷ்கா டியூபைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனாள்.

அரங்கசாமி பதறிப்போனார். “அடடா, உட்டுப்போட்டானுங்களே. தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. ஆளு பக்கத்துலதான் இருக்கறான், உடனே அடிச்சுரலாம்.” போனை எடுத்துவிட்டார்.

ராமாமணி சுவருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நிற்கிறாள். அவள் சொல்லவேண்டியதைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கெஞ்சினாள். ஒன்றில் கத்தினாள். ஒன்றில் தலைவலி என்று பொய் சொன்னாள். எல்லாவற்றிலும் என் குரல்தான் கேட்டது, கிழித்துவிட்டேன். அவளோ வாயைத் திறந்துவிட்டாள்.

அவள் சொல்லவேண்டியதை இனி, படிக்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும். மனசுக்குள் அல்ல, உங்கள் வீட்டில் இருப்பவர்கள் காதில் விழும்படி. யோசிக்க நேரமில்லை. அந்தப் பக்கம் ரிங் போய்க்கொண்டிருக்கிறது.